விளக்கொளியில் வெயில் காய்தல்

டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் லண்டன் மாநகரில் பகற்பொழுது எட்டு மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவு. அந்தச் சிறு பகலிலும் மேகம் விலகாத நாட்கள் பல. சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் எழும்புவதில்லை. எழும்பினாலும் அதன் கிரணங்கள் சாய்ந்து விழுவதால் வலுவிழந்து போகின்றன. இத்தகைய நாடுகளில் வாழும் மக்கள் வெயிலுக்கு ஏங்குவதில் வியப்பில்லை. கோடை பிறந்ததும் கடற்கரைக்கு ஓடுவார்கள். மணலில் படுத்து, வெளிறிய உடலைச் செம்பழுப்பாக்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். கோடை வரும்வரை பொறுத்திருக்க மனமில்லாதவர்களுக்கென்று ஒரு சாதனம் உண்டு. அதற்குச் சன்பெட் என்று பெயர். நாம் அதனை வெயிற்படுக்கை என்று வழங்கலாம். நம் நாட்டில் தோல் வெளுக்க வேண்டுமென்று களிம்பு வாங்குகிறவர் உண்டு. அங்கே கறுக்க வேண்டுமென்று கட்டணம் செலுத்துகிறார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற பழமொழி நிறத்திற்கும் பொருந்தும் போலும்!

வெயிற்படுக்கை என்பது மூடியுள்ள ஒரு நீண்ட பெட்டி. அடியிலும் மூடியிலும் குழல் விளக்குகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். கண்ணாடி போன்ற ஒரு தகட்டின் மேல் ஆடை களைந்து படுத்து, கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, மூடியை இறக்கிக்கொண்டால் நீலச் சாயலுள்ள ஒளி உடலெங்கும் விழும். குறித்த நிமிடங்கள் கடந்ததும் விளக்குகள் தாமே அணைந்துவிடும்.

மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் இதனைப் பற்றி எனக்கு எழுதியிருந்தார். அவருடன் படிக்கும் ஆங்கிலேய நண்பர் வாரம் இரு முறை இத்தகைய கடைக்குச் சென்று வருகிறாராம். ஒரே நாளில் கறுக்க முயல்வதுதான் தீங்கு, சிறிது சிறிதாகக் கறுத்தால் ஆபத்தில்லை என்பது அந்த நண்பரின் வாதம். “இதில் உண்மை எவ்வளவு, ஐயா?” என்று என் மாணவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானதே. ‘சிறிது சிறிதாக’ என்னும் சொல்லுக்கு வைத்திய சரித்திரத்தில் மதிப்பு மிக்க ஓர் இடம் உண்டு. ஆகையால் அதனை எடுத்தவுடன் ஒதுக்கிவிடுதல் ஆகாது.

முதலில் அந்த ஒளி யாது என்று பார்ப்போம். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானநூலறிஞர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, சிவப்பு நிறத்திற்கு அப்பால், கண்ணுக்கு ஏதும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். வெப்பம் ஏறக் கண்டார். அடுத்த ஆண்டிலேயே ஜெர்மனியில் யோகான் ரிட்டர் என்பவர், மறுகோடியாகிய ஊதா நிறத்திற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தேடினார். ஒளி பட்டால் கறுக்கும் தன்மையுள்ள வெள்ளிக் குளோரைடை அங்கே வைத்தார். ஒளியே தெரியாத அவ்விடத்தில் அது மற்ற இடங்களைக் காட்டிலும் விரைவாகக் கறுத்தது. புறஊதாக் கதிர்கள் மனிதனுக்கு அறிமுகமானது இவ்வாறுதான். கறுக்கவைப்பதன் மூலமாகவே அவை தம்மை வெளிப்படுத்திக்கொண்டன என்பது நம் பொருளுக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இக்கதிர்களை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்துள்ளனர். மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 400 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ளவை ஏ வகை. 315 முதல் 280 வரை பி வகை. அதற்கும் குறுகியவை சி வகை. அலை குறுகக் குறுகக் கதிரின் வேகமும் வன்மையும் மிகுவதாகச் சிலர் எழுதிவிடுகிறார்கள். வேகம் எல்லா ஒளிக்கும் ஒன்றே. மிகுவது ஒவ்வோர் ஒளித் துகளும் சுமந்து வரும் சக்தி. சி வகையை வானத்து ஓசோன் படலம் முழுவதும் தடுத்துவிடுகிறது. பி வகையில் பெரும்பகுதியையும் அது வடிகட்டிவிடும். எஞ்சி நம்மை வந்தடையும் புறஊதாக் கதிர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு ஏ வகையே. அது தோலினுள் ஆழமாக ஊடுருவும். பி வகை மேலடுக்கோடு நின்றுவிடும். ஆயினும் தோலைச் சிவக்கச் சுடுவதில் பி வகையே பன்மடங்கு வல்லது.

வெயிற்படுக்கையின் விளக்கு நம் வீட்டுக் குழல் விளக்கிற்கு உடன்பிறப்பு. இரண்டினுள்ளும் பாதரச ஆவியே மின்சாரத்தால் தூண்டப்பட்டுப் புறஊதாக் கதிர்களை வெளியிடுகிறது. வீட்டு விளக்கில் குழலின் உட்புறம் பூசியுள்ள வெண்பொடி அக்கதிர்களை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. வெயிற்படுக்கையில் பூச்சு வேறு. அது உறிஞ்சிய கதிர்களைப் பெரும்பாலும் ஏ வகையாகவும், சிறிதளவு பி வகையாகவும் மாற்றி வெளியே அனுப்புகிறது. ஒரு பொடியின் வேறுபாட்டில் ஒன்று படிப்பு விளக்கு, மற்றொன்று செயற்கைச் சூரியன்!

இனி, தோலுக்கு வருவோம். மேல்தோலின் அடியடுக்கில் மெலனோசைட் எனப்படும் உயிரணுக்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக அமைந்துள்ளன. மெலனின் என்ற கருநிறப் பொருளை உற்பத்தி செய்வது அவற்றின் வேலை. வெள்ளையர், கறுப்பர், நம்மைப் போன்ற மாநிறத்தார் ஆகிய அனைவருக்கும் இவ்வுயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். வேறுபடுவது அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும் பரவும் விதமுமே. நிறத்தைக் கொண்டு மக்களுக்குள் உயர்வு தாழ்வு பேசியவர்களுக்கு உடற்கூற்று நூல் இவ்வளவு சிறிய ஆதாரத்தைத்தான் வைத்திருக்கிறது!

தோலில் ஏ வகைக் கதிர் பட்டவுடன், ஏற்கெனவே உள்ள மெலனின் பிராணவாயுவோடு கூடிக் கறுக்கிறது. இது சில நிமிடங்களிலேயே தெரியும். ஆனால் புதிய மெலனின் ஏதும் உண்டாவதில்லை. ஆகவே பாதுகாப்பும் கூடுவதில்லை. உண்மையான கறுப்பு இரண்டு மூன்று நாட்கள் கழித்து வருவது. அது வரும் வழிதான் நம் கேள்விக்கு விடை தருவது. ஆதலால் சற்றுக் கூர்ந்து கேளுங்கள்.

ஒவ்வோர் உயிரணுவின் கருவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. உயிரணு எவ்வாறு இயங்க வேண்டும், எப்பொழுது பெருக வேண்டும், எப்பொழுது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் யாவும் அதில் எழுதப்பட்டுள்ளன. பி வகைக் கதிர் இவ்விழையைத் தாக்கும்போது அடுத்தடுத்துள்ள இரண்டு எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பக்கங்கள் ஒட்டிப்போன புத்தகத்தைப் போல, அவ்விடம் படிக்க இயலாததாகிவிடுகிறது. உயிரணு இதனை உணர்ந்து பழுது பார்க்கத் தொடங்குகிறது. அதே சமயம், காயமடைந்த தோலணுக்கள் ஓர் இரசாயனச் செய்தியை மெலனோசைட்டுகளுக்கு அனுப்புகின்றன. பி-53 என்னும் புரதம் இச்செய்தியைத் தூண்டுவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2007-ஆம் ஆண்டில் விளக்கினார்கள். செய்தி கிடைத்ததும் மெலனோசைட்டுகள் மெலனினைச் செய்து, சிறு சிறு பொட்டலங்களாக அண்டை உயிரணுக்களுக்கு வழங்குகின்றன. அவை அதனைத் தம் கருவின்மேல் குடைபோல் கவித்துக்கொள்கின்றன. வெயில் பட்டுப் புதிதாகக் கறுத்த தோல் என்பது இந்தக் குடைகளின் கூட்டமே. ஆனால் இந்தக் குடை, மழையில் நனைந்த பிறகு விரிக்கப்பட்ட குடை. நனையாமல் எவருக்கும் அது கிடைப்பதில்லை.

இதனை அறியாத காலத்திலேயே ஒளியை மருந்தாகப் பயன்படுத்திய பெரியோர்கள் இருந்தார்கள். அவர்களை மறந்துவிட்டு இப்பொருளைப் பேசுவது முறையன்று. பரோ தீவுகளில் 1860-இல் பிறந்த நீல்ஸ் பின்சன் என்ற வைத்தியர், கோபன்ஹேகன் நகரில் 1896-இல் ஒளிச் சிகிச்சைக்கென ஒரு நிலையம் நிறுவினார். தோலைத் தின்று முகத்தை உருக்குலைக்கும் லூபஸ் வல்காரிஸ் என்ற ஒரு வகைக் காசநோயை, விளக்கின் கதிர்களைக் குவித்துப் பாய்ச்சிக் குணப்படுத்தினார். 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெடுங்கால நோயாளியாகிய அவர் மறு ஆண்டே மறைந்தார்.

அதே 1903-இல் சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமமாகிய லேசினில் ஆகஸ்ட் ரோலியே என்ற வைத்தியர் தமது சூரிய சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். எலும்பிலும் மூட்டிலும் காசநோய் கண்ட குழந்தைகள் அவரிடம் வந்தார்கள். ரோலியே எவரையும் எடுத்தவுடன் வெயிலில் கிடத்தியதில்லை. முதலில் மலைக்காற்றுக்குப் பழக்குவார். பிறகு முதல் நாள், பாதங்கள் மட்டும், ஐந்து நிமிடம். இரண்டாம் நாள் பாதங்களுக்குப் பத்து நிமிடம், முழங்கால் வரை ஐந்து நிமிடம். மூன்றாம் நாள் பாதங்களுக்குப் பதினைந்து, கால்களுக்குப் பத்து, தொடைகளுக்கு ஐந்து. இவ்வாறே வயிறு, மார்பு என்று நாளுக்கு நாள் மேலேறிச் செல்லும். தலைக்கு எப்பொழுதும் நிழல். சில வாரங்களில் குழந்தைகள் உடல் முழுவதும் செம்பு நிறமாகி, இடுப்புத் துணியோடு பனியில் திரிவார்கள். நன்றாகக் கறுக்கும் நோயாளியே விரைவில் தேறுவார் என்பது ரோலியேயின் கருத்து. ‘சிறிது சிறிதாக’ என்ற முறை பிறந்தது அழகுக்கடையிலன்று. இத்தகைய நோயாளிகளின் படுக்கை ஓரத்திலே. வேறு மருந்தில்லாத நோய்க்கு, வைத்தியர் பக்கத்தில் நின்று நிமிடங்களை எண்ணிக் கொடுத்த சிகிச்சை அது. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னர் காசநோய்க்கு வெயிலின் தேவை படிப்படியாக மறைந்தது.

இன்னொரு நிகழ்ச்சி, முதல் உலகப் போருக்குப் பிந்திய பெர்லினில் நடந்தது. பசியால் வாடிய அந்நகரத்துக் குழந்தைகளுக்கு எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய் மிகுந்திருந்தது. குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர் பாதரச விளக்கின் ஒளியில் அக்குழந்தைகளை வைத்து, அவர்களுடைய எலும்புகள் உறுதிப்படுவதை எக்ஸ்ரே படங்களில் கண்டு, 1919-இல் வெளியிட்டார். பி வகைக் கதிர் தோலில் வைட்டமின் டி உண்டாக்குகிறது என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

மருந்து பின்னர் அலங்காரமாயிற்று. வயலில் உழைப்பவன் கறுத்திருந்தான், மாளிகையில் இருந்தவள் வெளுத்திருந்தாள் என்ற நிலை ஐரோப்பாவில் மாறி, ஆலையில் அடைபட்டவன் வெளுத்தான்; விடுமுறைக்குச் செல்லப் பணமுள்ளவன் கறுத்தான். ஆகவே கறுப்பு செல்வத்தின் அடையாளமாயிற்று. 1970-களில் ஜெர்மானியரான பிரிட்ரிக் வோல்ப் முதலியோர் ஏ வகை விளக்குகள் கொண்ட படுக்கைகளை வியாபாரத்திற்குக் கொணர்ந்தனர். சுடுவது பி வகை, அதனைக் குறைத்துவிட்டோம், ஆகவே இது தீங்கற்ற வெயில் என்பது விற்பனையாளர்களின் பேச்சு.

இப்படுக்கையைப் பயன்படுத்துவோருக்கென வகுக்கப்பட்டுள்ள விதிகள் ரோலியேயின் முறையை நினைவூட்டும். முதலில் தோலின் இயல்பை அறிய வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிட்ஸ்பாட்ரிக் 1975-இல் இதற்கு ஒரு வகைப்பாடு வகுத்தார். எப்பொழுதும் சிவந்து சுடுபட்டு ஒருபோதும் கறுக்காத தோல் முதல் வகை. அத்தகையோர் இதனருகே செல்லவே கூடாது. மச்சங்கள் மிகுந்தவர்களுக்கும், குடும்பத்தில் தோற்புற்று கண்டவர்களுக்கும் அப்படியே. மற்றவர் சில நிமிடங்களில் தொடங்கி, முதல் இரண்டு முறைகளுக்கிடையே குறைந்தது 48 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். முதல் முறையின் சிவப்பு உடனே தெரிவதில்லை; பல மணி நேரம் சென்றே தெரியும் என்பதே காரணம். தோல் சிவந்தால் நிறுத்திவிட வேண்டும். படுக்கையில் கிடந்த அன்றே வெயிலிலும் காய்தல் கூடாது. காப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். இமைகளை மூடிக்கொள்வது போதாது. வாசனைப் பொருள்களைப் பூசிக்கொண்டு செல்லுதல் ஆகாது. டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்குச் சிறிது ஒளியே பெரும் புண்ணாகிவிடும்.

இவ்விடத்தில் நமக்கு உரிய ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி என்று கேட்டால் ஒரு கரிய விதையைத் தருவார்கள். வெண்படை என்னும் தோல் நோய்க்கு நம் வைத்தியர்கள் நெடுங்காலமாக அதனைப் பயன்படுத்தி வந்துள்ளார்கள். ஒளிக்குத் தோலை மிகவும் கூர்மையாக்கும் சோரலென் என்ற பொருள் அவ்விதையில் இருப்பதே அதன் இரகசியம். 1974 முதல் மேலை நாட்டு மருத்துவமனைகளில் சோரலென் வகை மருந்தையும் ஏ வகை விளக்கையும் சேர்த்துச் சோரியாசிஸ் நோய்க்குச் சிகிச்சை அளித்தார்கள். நம் பாட்டன்மார் அறிந்த வழியேதான், அளவுதான் புதிது.

சரி, மேற்சொன்ன விதிகளையெல்லாம் ஒருவர் பிசகாமல் கடைப்பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது என்ன? தோல் வெந்து உரியும் துன்பம் அவருக்கு நேராது. இது உண்மை, சிறிய நன்மையன்று. ஆனால் காயமின்றிக் கறுப்பு வராது என்று கண்டோம். வேகாமல் கறுத்தவரின் டி.என்.ஏ.வும் பழுதுபட்டே இருக்கிறது. பழுதுகளில் பெரும்பாலானவற்றை உயிரணு சீராக்கிவிடும், சில தப்பிவிடும். தப்பியவை அழிவதில்லை, கடன்பத்திரத்தில் ஏறும் வட்டிபோல ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே வரும். உயிரணுவை ‘நில்’ என்று தடுக்கும் கட்டளையிலேயே பழுது விழுந்துவிட்டால், அது நிற்காமல் பெருகத் தொடங்கும். அதுவே புற்றுநோய். தவணையாகச் செலுத்தினாலும் தொகை தொகைதானே?

முன்கூட்டியே கறுத்துக்கொண்டால் கோடை வெயில் சுடாது என்பார்கள். அந்தக் கறுப்பு தரும் காப்பு, மிக மெல்லிய வெயிற்காப்புக் களிம்பின் அளவே. ஏ வகை விளக்கால் வந்த கறுப்புக்கு அதுவும் இல்லை. ஐரோப்பிய நாடுகள் இப்படுக்கைகளின் சுடும் வன்மைக்கு, சதுர மீட்டருக்கு 0.3 வாட் என்று எல்லை வகுத்துள்ளன. வெயில் குறியீட்டில் அது 12. அதாவது வெப்ப மண்டலத்தின் உச்சிவெயில். நம்மூரில் சித்திரை மாத நண்பகலில் எவரும் சட்டையின்றி வெட்டவெளியில் படுப்பதில்லை. மேலும், வன்மை மிக்க சில படுக்கைகளின் ஏ வகைக் கதிர் நண்பகல் சூரியனைவிடப் பத்து முதல் பதினைந்து மடங்கு வரை செல்லும்.

பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 35 வயதுக்கு முன் வெயிற்படுக்கையைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா என்ற கொடிய தோற்புற்று வரும் வாய்ப்பு 75 சதவிகிதம் கூடுவதாக 2006-இல் கணக்கிட்டது. பின்னர் 2012-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதனை 59 சதவிகிதம் என்று கண்டது. கணிதம் பயிலும் மாணவர்கள் இங்கே ஏமாறலாகாது. நூற்றில் எழுபத்தைந்து பேருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளன்று. ஆயிரம் பேரில் நால்வருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், 75 சதவிகிதம் கூடும்போது எழுவருக்கு வரும். மீதி 993 பேர் தப்பிவிடுவார்கள். ‘நான் இருபது ஆண்டாகச் செல்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்லப் பலர் இருப்பதன் காரணம் இதுவே. கூடுதலாக விழுந்த அந்த மூவர் சாட்சி சொல்ல வருவதில்லை. 2009-இல் அந்நிறுவனம் இப்படுக்கைகளைப் புகையிலை இருக்கும் முதற்பிரிவிலேயே வைத்தது. அதன் பொருள், புற்றுநோய் விளைவிப்பது ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்டது என்பதே. இரண்டும் ஒரே அளவு கொடியவை என்பதன்று.

ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரைச் சேர்ந்த கிளேர் ஆலிவர் என்ற இளம்பெண் மெலனோமா நோய்க்கு ஆளானார். தாம் சென்ற வெயிற்படுக்கைக் கடை தம் நோய்க்குப் பங்களித்தது என்று நம்பிய அவர், மரணப்படுக்கையிலிருந்தே பத்திரிகைகள் வாயிலாக இளைஞர்களை எச்சரித்தார். 2007 செப்டம்பரில், தமது 26-ஆவது வயதில் மறைந்தார். அவர் எழுப்பிய கிளர்ச்சி வீண்போகவில்லை. முதலில் விதிகள் கடுமையாயின. 2015 தொடக்கத்திலிருந்து அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகளிலும், 2016-இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் கட்டணம் பெற்று இப்படுக்கையை நடத்துவது தடை செய்யப்பட்டது. பிரேசில் 2009-லேயே தடை விதித்திருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 முதல் 18 வயதுக்கு உட்பட்டோரை அனுமதித்தல் குற்றம்.

வைட்டமின் டி வேண்டுமே என்று சிலர் வாதாடுவர். அதனை உண்டாக்குவது பி வகை. படுக்கையில் மிகுந்திருப்பதோ ஏ வகை. வைட்டமின் டி மாத்திரையாகவும் கிடைக்கிறது, மாத்திரை டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை. மருத்துவமனைகளில் இன்றும் சோரியாசிஸுக்கும் வெண்படைக்கும் 311 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டை விளக்கால் சிகிச்சை செய்கிறார்கள். அங்கே ஒரு நோய் உண்டு, அளவு கணக்கிடப்படுகிறது, தோல் வைத்தியர் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு இருக்கிறார். ரோலியேயின் உண்மையான வாரிசுகள் அவர்களே என்பது என் எண்ணம். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்கை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் ஒளி, புறஊதா அன்று.

நிறந்தான் வேண்டும் என்பவர்க்கு வேறு வழி இல்லாமலில்லை. 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளர், ஒரு பரம்பரை நோய்க்காகக் குழந்தைகளுக்கு டைஹைட்ராக்ஸி அசிட்டோன் என்ற சர்க்கரைப் பொருளைக் குடிக்கக் கொடுத்து வந்தார். குழந்தைகள் துப்பியது தோலில் பட்ட இடமெல்லாம் பழுப்புக் கறை விழுவதையும், துணிகளில் அவ்வாறு விழாததையும் கவனித்தார். தோலின் மேற்புறத்திலுள்ள உயிரற்ற அடுக்கின் புரதங்களோடு அப்பொருள் கூடி நிறம் தருகிறது. இன்று கடைகளில் விற்கும் பழுப்புக் களிம்புகளின் மூலப்பொருள் அதுவே. அந்த நிறம் வெயிலிலிருந்து நம்பத்தக்க காப்பு எதனையும் தராது. மேல்தோல் உதிர உதிர, ஒரு வாரத்திற்குள் தானும் உதிர்ந்துபோகும். என் மாணவர் தம் நண்பரிடம் இதனைச் சொல்லலாம் என்று பதில் எழுதினேன். நண்பர் கேட்டுக்கொண்டாரா என்ற செய்தி இன்னும் வரவில்லை.